படக்காரத் தம்பி

திருவானைக்கோவிலைத் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிய வாழைத் தோப்புகளுக்கு நடுவில் அந்த ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பெயர்தான் நிலையம். ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு தகரக் கொட்டகை, கொஞ்சம் நிலம், ஒரு பழைய ஜீப், அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் ரஸ்தாளி வாழையை ஒரு வாடல் நோய் தோப்புத் தோப்பாக அழித்துக்கொண்டிருந்தது. அது எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக அந்த இடத்தைத் திறந்திருந்தார்கள். அங்கே படம் வரைகிற வேலைக்கு 1955-ல் வந்து சேர்ந்தவர் அடைக்கலராஜ்.

வாழை ஆராய்ச்சியில் படம் வரைகிறவருக்கு என்ன வேலை என்று பாலக்கரையில் அவர் குடியிருந்த வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். வேலை இருந்தது. நோய் கண்ட வாழையின் கிழங்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்புள்ளிகள் தெரியும். கேமராவில் எடுத்தால் எல்லாம் கறுப்பும் வெளுப்புமாகத்தான் விழும். அந்தச் சிவப்பைக் காட்ட வண்ணம் குழைத்துக் கையால்தான் தீட்டியாக வேண்டும். அதற்கும் அவகாசம் கிடையாது. வெட்டிய கிழங்கு காற்றுப் பட்டதும் கறுக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் பார்த்து, கலந்து, தீட்டி முடிக்க வேண்டும்.

அவருக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒல்லியான ஆள். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை. காலையில் வந்ததும் கொட்டகையின் வடக்கு மூலையில், வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். டீ குடிக்கக் கூப்பிட்டால் வருவதில்லை. பின்னாலிருந்து வணக்கம் சொன்னால் பதில் வராது. "பாலக்கரை ஐயாவுக்குத் தலைக்கனம்" என்று ஜீப் ஓட்டுகிற பரக்கத் அலி சொல்லிச் சொல்லி, அதுவே நிலையம் முழுவதும் பரவிவிட்டது.

தலைக்கனம் எதுவுமில்லை. அடைக்கலராஜுக்குக் காது கேட்காது.

வேலைக்கு வருவதற்கு முன் அவர் காசநோய் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் சானடோரியத்தில் கிடந்தார். புதிதாக வந்திருந்த ஊசி ஒன்றைத் தினமும் போட்டார்கள். அதே வார்டில் இருந்த பலபேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பிழைத்தார். ஆனால் அந்த ஊசி காதைப் பாதித்துவிட்டது. வீட்டுக்கு வந்த சில மாதங்களில் முதலில் சைக்கிள் மணிச் சத்தம் காணாமல் போயிற்று. பிறகு குருவிச் சத்தம். பிறகு வியாகுல மாதா கோயில் மணி தூரத்து ஊர் மணிபோல ஆயிற்று. கடைசியில் மனுஷர் பேச்சும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஆகி, அப்படியே அடங்கிவிட்டது. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் நோயைக் காரணம் காட்டி ஏற்கெனவே விலகியிருந்தார்கள். காது போன சங்கதி அவர்கள் வரை போகவில்லை. மணப்பாறையில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா வியாகுலம்மாளுக்கு மட்டும் தெரியும்.

அதை வெளியே சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கும்போது டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். காசநோய் கண்டவன் என்பதையே மறைக்க முடியாமல் திண்டாடி உள்ளே வந்தவர். செவிடு என்றும் தெரிந்தால் அத்தோடு சரி என்று நினைத்தார். அதனால் வித்தை ஒன்றைப் பழகிக்கொண்டார். எதிரே நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். மீதிப் பாதிக்கு "ஆமா சார்", "தெரியும் சார்", "பாத்துக்கறேன் சார்". மூன்று பேர் கூடிப் பேசுகிற இடத்தில் மட்டும் நிற்க மாட்டார். யார் வாயைப் பார்ப்பது?

நிலையத்தில் அவரோடு இயல்பாக இருந்தவர் ஒருவர்தான். தோட்ட மேஸ்திரி மூக்கன். ஐம்பது வயசு இருக்கும். கொள்ளிடக் கரையிலேயே குடிசை. படம் வரைய வேண்டிய கிழங்கை வெட்டிக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, அடைக்கலராஜின் முன்னால் சுற்றிவந்து நின்று, தோளை லேசாகத் தொட்டு, "படக்காரத் தம்பி, கொண்டாந்திருக்கேன்" என்பார். முதல் கிழங்கு கறுத்துவிட்டால் முணுமுணுக்காமல் போய் இன்னொன்று வெட்டிக் கொண்டுவருவார். பேசும்போது வாய் நிறைய, நிதானமாகப் பேசுவார். அது அவர் சுபாவம் என்று அடைக்கலராஜ் நினைத்திருந்தார்.

நிலையத்தின் தலைவர் சௌரிராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், காலில் சேறு படிந்த செருப்பு. வருஷம் முடிகிற அன்று சாயங்காலம் எல்லாரையும் கொட்டகையில் வட்டமாக ஸ்டூல் போட்டு உட்காரவைப்பார். காபியும் மணப்பாறை முறுக்கும் வரும். அந்த வருஷம் நடந்த வேலையைச் சொல்லுவார். அதற்குப் பிறகு அவர் வைத்த ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தன் இடது கைப் பக்கம் இருப்பவரைப் பற்றிப் பேச வேண்டும். அவர் இல்லாவிட்டால் இந்த வருஷத்தில் எது நடந்திருக்காது என்று சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி யாரும் பேசக் கூடாது. விஞ்ஞானியானாலும் சரி, களை பறிக்கிற ஆளானாலும் சரி, அதே சட்டம்தான்.

எல்லாருக்கும் பிடித்த அந்தச் சாயங்காலம் அடைக்கலராஜுக்கு மட்டும் சிம்மசொப்பனம். முதல் வருஷம் ஆள் புதுசு என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் ஏதோ நாலு வார்த்தை முணுமுணுத்துத் தப்பித்தார். அதற்கடுத்த வருஷம் காய்ச்சல் என்று லீவு போட்டு, அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்க அவர் மனக்கண்ணில் ஓடியது அந்த வட்டம்தான். யாரோ எதையோ சொல்ல, எல்லாரும் ஒரே நேரத்தில் தோள் குலுங்கச் சிரிப்பது. சத்தமில்லாமல் பார்த்தால் மனுஷர் சிரிப்பு விசித்திரமாக இருக்கும். ஆனாலும் அதற்குள் போய் உட்கார அவருக்கு ஆசையாக இருந்தது.

1958-ம் வருஷம் நிலையத்துக்கு நல்ல வருஷம். நோய் முக்கியமாகப் பக்கக்கன்று வழியாகத்தான் தோப்பு விட்டுத் தோப்பு போகிறது என்பதை மூன்று வருஷச் சோதனைக்குப் பிறகு நிச்சயப்படுத்தினார்கள். கன்றை நடுவதற்கு முன் அடிக்கிழங்கைச் சீவிப் பார், செம்புள்ளி இருந்தால் நடாதே என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி வந்தது. நடுப்பக்கத்தில் அடைக்கலராஜ் தீட்டிய வண்ணப்படம். நல்ல கிழங்கு ஒரு பக்கம், நோய்க் கிழங்கு ஒரு பக்கம். எழுத்துத் தெரியாத விவசாயிகள்கூட அந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு லீவு எடுத்துக்கொண்டு அடைக்கலராஜ் மணப்பாறை போனார். அக்கா பிள்ளைகளோடு இருந்துவிட்டு முப்பதாம் தேதி மாலை திருச்சி திரும்பினார்.

அந்த இடைவெளியில் மூக்கன் இறந்துவிட்டார். சனிக்கிழமை காலை நோய் கண்ட வாழைக் கட்டைகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது சருகுக்குள் கிடந்த விரியன் கடித்தது. பரக்கத் அலி அவரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார். காவிரிப் பாலத்தின் மேல் போகும்போதே உயிர் போய்விட்டது. அன்று சாயங்காலமே கொள்ளிடக் கரையில் காரியம் முடிந்தது. நிலையத்து ஆட்கள் எல்லாரும் போயிருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை அடைக்கலராஜ் வேலைக்கு வந்தபோது சௌரிராஜன் வாய்க்கால் வரப்பில் முன்னால் நடந்துகொண்டிருந்தார். இவர் பின்னால் வருவதைப் பார்த்துவிட்டு, மறுபடி முன்பக்கம் திரும்பி நடந்தபடியே பேசினார்.

"வந்துட்டீரா? மூக்கன் போயிட்டான், கேள்விப்பட்டிருப்பீர். இப்படி ஆகும்னு யார் நெனச்சா? மனசே சரியில்லை."

அடைக்கலராஜுக்குத் தெரிந்தது ஒரு முதுகும், அசைகிற குடுமியும்தான். "ஆமா சார், தெரியும் சார்" என்றார்.

வரப்பு முடிகிற இடத்தில் சௌரிராஜன் நின்று திரும்பினார். இப்போது உதடு தெரிந்தது. "சாயங்காலம் மூக்கனைப் பத்தி நீர்தான் பேசணும். உம்மோடதான் அவன் ரொம்பப் பழகினவன்."

இது முழுசாகப் புரிந்தது. அடைக்கலராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "கட்டாயம் பேசறேன் சார்" என்று சிரித்தார். சௌரிராஜன் அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பகல் முழுவதும் அடைக்கலராஜ் தூரிகையைத் தொடவில்லை. மூக்கனைப் பற்றி என்ன சொல்வது என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டிருந்தார். யாரைப் பற்றி என்று முன்கூட்டியே தெரிந்தது அவருக்குப் பெரிய வரம். ஈரச் சாக்கைப் பற்றிச் சொல்லலாம். இன்னொரு கிழங்கு, இன்னொரு கிழங்கு என்று கேட்டாலும் முகம் சுளிக்காததைச் சொல்லலாம். அதோடு ஒரு வேடிக்கையும் வேண்டும் என்று நினைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூக்கன் வாழை நிழலில் குறட்டை விட்டுத் தூங்குவதை எல்லாரும் கேலி செய்வார்கள். அவர் மார்பு ஏறி இறங்குவதையும், சுற்றி நிற்கிற ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பதையும் இவர் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னால் நிச்சயம் சிரிப்பார்கள். ஒரு தடவையாவது தன் பேச்சுக்கு அந்தத் தோள்கள் குலுங்க வேண்டும். சொல்லப்போவதை ஜன்னலைப் பார்த்து உதட்டுக்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். அடைக்கலராஜின் இடது பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை. மூக்கன் வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு வருவார் என்று இவர் நினைத்தார். வலது பக்கத்தில் கமர் ஜஹான் உட்கார்ந்திருந்தார். நத்தர்ஷா தர்கா பக்கத்துப் பெண். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, தகப்பனாரோடு மல்லுக்கு நின்று இந்த வேலைக்கு வந்தவர். நோயை உண்டாக்குகிற பூஞ்சைக் காளானைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்துப் பார்ப்பது அவர் வேலை.

சௌரிராஜன் எழுந்தார். எல்லாரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். அடைக்கலராஜும் எழுந்து தலை குனிந்தார். ஐயங்கார் ஏதோ சுலோகம் சொல்லி ஆரம்பிக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். உட்கார்ந்தார்கள். முறுக்குத் தட்டை யாரும் தொடவில்லை. இவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். எதிரே இருந்த பரக்கத் அலி இவரையே வெறித்துப் பார்த்தார்.

பேச்சு சுற்றி வந்தது. சௌரிராஜன் பரக்கத் அலியைப் பற்றி. பரக்கத் அலி தன் பக்கத்து ஆளைப் பற்றி. யார் பேசினாலும் முகம் தொங்கியே இருந்தது. இந்த வருஷம் ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறது என்று அடைக்கலராஜுக்கு விளங்கவில்லை. சரி, நான் பேசும்போது கலகலப்பாகிவிடும் என்று நினைத்தார்.

கமர் ஜஹானின் முறை வந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சௌரிராஜனைப் பார்த்து அவர் பேசினார். பக்கத்தில் இருந்தவருக்கு முந்தானை ஓரம் மட்டும்தான் தெரிந்தது.

"அடைக்கலராஜ் சார் யாரோடயும் பேசறதில்லைன்னு நமக்கெல்லாம் ஒரு குறை உண்டு. எனக்கும் இருந்துச்சு. ஆனா ஆடி மாசம் ஒருநாள், அவருக்கு நேர் பின்னாடி என் கையிலேர்ந்து பெரிய குடுவை விழுந்து நொறுங்கிச்சு. தோட்டத்துல இருந்தவங்ககூட ஓடி வந்தாங்க. அவர் திரும்பவே இல்ல. அப்படியே தீட்டிட்டு இருந்தார். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அந்தக் கவனம் இல்லன்னா அந்தப் படம் இல்ல. அந்தப் படம் இல்லன்னா நம்ம புத்தகம் வெறும் காகிதம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அடைக்கலராஜும் சேர்ந்து, மற்றவர்களைவிட ஓங்கித் தட்டினார். யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு எல்லாக் கண்களும் அவர் பக்கம் திரும்பின. தன் முறை என்று தெரிந்துகொண்டு எழுந்தார். தொண்டையைச் செருமினார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"மூக்கனைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. அவர் இல்லன்னா இந்த வருஷம் ஒரு படமும் இல்ல. கிழங்கு கறுத்துப் போச்சுன்னா மறுபடியும் போய் வெட்டிட்டு வருவார். ஒருநாள் மழையில ஒன்பது தடவை போனார். என்மேல கோபமே வராது. ஏன்னா கோபத்தையெல்லாம் மத்தியானம் குறட்டையா விட்டுடுவார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எதிரே ஒரு முகமும் அசையவில்லை. வேடிக்கை சரியாகப் போய்ச் சேரவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"அந்தக் குறட்டை கொள்ளிடத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கும். இப்பக்கூடப் பாருங்க, ஸ்டூல் காலியா இருக்கு. எங்கயாவது வாழை நிழல்ல காலை நீட்டிப் படுத்திருப்பார். யாராவது போய் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க."

பரக்கத் அலி விருட்டென்று எழுந்தார். அவர் வாய் வேகமாக அசைந்தது. என்ன சொல்கிறார் என்று பிடிக்க முடியவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நின்றது. ஒரு கூலிப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போனாள். சௌரிராஜன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அடைக்கலராஜ் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதை முகத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கமர் ஜஹான்தான் முதலில் எழுந்து வந்தார். இவருக்குப் பின்னால் போய் நின்று, கையை ஒருமுறை ஓங்கித் தட்டினார். இவர் திரும்பவில்லை. இன்னொரு முறை தட்டினார். பரக்கத் அலியின் வாய் நின்றது.

கொட்டகைச் சுவரில் சோதனைக் கணக்கு எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. கமர் ஜஹான் நேராக அதனிடம் போய், எழுதியிருந்ததை உள்ளங்கையாலேயே அழித்துவிட்டுப் பெரிய எழுத்தில் எழுதினார்.

மூக்கன் சனிக்கிழமை இறந்துவிட்டார். பாம்பு கடித்து.

அடுத்த வரியை எழுதச் சற்றுத் தயங்கினார். பிறகு எழுதினார்.

உங்களுக்குக் காது கேட்காதா?

அடைக்கலராஜ் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தாரா என்றே யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். கையில் மீதியிருந்த முறுக்குத் துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பரக்கத் அலி வட்டத்தைக் கடந்து வந்து, அவர் எதிரே நின்று, மெதுவாக, "தெரியாதாண்ணே?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். அதற்கு மேல் நிற்காமல் வெளியே போய், வாய்க்கால் வரப்பில் நடந்து, சாலைக்கு வந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மறுநாள் வருஷப் பிறப்பு. காலைப் பூசை முடிந்ததும் அவர் கொள்ளிடக் கரைக்குப் போனார். மூக்கன் வீட்டு வாசலில் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கன் மனைவி பொன்னுத்தாய் உள்ளே சுவரில் சாய்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் குனிந்தபடி ஏதோ சொன்னார்.

அடைக்கலராஜ் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அம்மா, எனக்குக் காது கேக்காது. முகத்தை நிமித்திச் சொல்லுங்க" என்றார். வெளியாள் ஒருவரிடம் இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

பொன்னுத்தாய் நிமிர்ந்தார். "தெரியும் தம்பி. அவரு சொல்லியிருக்காரு."

"அவருக்குத் தெரியுமா?"

"நீங்க வந்த மொத வருஷமே. மடை ஒடைஞ்சு தண்ணி உங்க பின்னால வந்துச்சாம். தொண்டை கிழியக் கத்தியிருக்காரு. கால் நனையற வரைக்கும் நீங்க திரும்பலியாம். அன்னைக்கு வந்து சொன்னாரு. தம்பிக்கு முன்னால போயித்தான் பேசணும், கண்ணு பாத்துத்தான் சொல்லணும்னு."

"யாருகிட்டயும் சொல்லலியே அவர்."

"நீங்க சொல்லாததை அவரு எதுக்குச் சொல்லணும்?"

 அடைக்கலராஜ் முந்தின நாள் கொட்டகையில் தான் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னார். குறட்டை, வாழை நிழல், எழுப்பிக் கூட்டி வரச் சொன்னது, எல்லாவற்றையும். சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தார்.

பொன்னுத்தாய் கோபப்படவில்லை. "குறட்டை நெசந்தான் தம்பி" என்றார். "முப்பது வருசம் அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். இப்ப வீடு சத்தமில்லாம கெடக்கு. கண்ணை மூட முடியல." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசினாரா, அழுதாரா என்பது அடைக்கலராஜுக்குத் தெரியாது. உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

நிலையத்தில் யாரும் அவரைக் குறைவாக நடத்தவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பரக்கத் அலி வந்து மன்னிப்புக் கேட்டார். சௌரிராஜன் தன் அறைக்குக் கூப்பிட்டு, நேர் எதிரே உட்காரவைத்து, "ஏன் ஓய் எங்கிட்ட மறைச்சீர்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நிரந்தர வேலைக்கு மேலிடத்துக்கு எழுதினார். டாக்டர்கள் காதைப் பரிசோதித்துவிட்டுத் தகுதியில்லை என்று திருப்பியனுப்பினார்கள். சௌரிராஜன் மறுபடி எழுதினார். மறுபடி திரும்பி வந்தது. கடைசியில், வருஷா வருஷம் தற்காலிகமாகவே வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் அனுமதி கிடைத்தது.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் தனிமை தீரவில்லை. வேறு மாதிரி ஆயிற்று. முன்பு திமிர் பிடித்தவர் என்று விலகினவர்கள் இப்போது பாவம் என்று விலகினார்கள். எதிரே வந்து நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவது யாருக்கும் முதல் வாரம் சிரமமாக இல்லை. பிறகு சிரமமாயிற்று. அவசியமானதை மட்டும் சொன்னார்கள். பிறகு கைச்சாடை போதும் என்றாயிற்று. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் போய் நின்று என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, சும்மா" என்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஒரு வேடிக்கையை இரண்டாம் தடவை சொன்னால் அது வேடிக்கையாக இருக்காது, அவ்வளவுதான்.

கமர் ஜஹான் மட்டும் விடவில்லை. கரும்பலகையின் ஓரத்தில் கோடு போட்டு ஒரு கட்டம் ஒதுக்கி வைத்திருந்தார். அதில் காலையில் ஏதாவது எழுதியிருப்பார். பரக்கத் அலி வீட்டில் பெண் குழந்தை என்றோ, ஐயங்கார் இன்று விரதம், கிட்டே போகாதீர்கள் என்றோ இருக்கும். அடைக்கலராஜ் வந்ததும் முதலில் அங்கே போய்ப் படித்துவிட்டுத்தான் ஜன்னலோரம் உட்காருவார். வருஷக் கடைசிக் கூட்டத்திலும் ஒவ்வொருவர் பேசுவதையும் கமர் ஜஹான் சுருக்கி அதில் எழுதுவார். அடுத்தடுத்த வருஷங்களில் அடைக்கலராஜ் அந்த வட்டத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு, சாக்பீஸ் நின்ற பிறகு, தனியாகச் சிரித்தார்.

அறுபத்தொன்றில் கமர் ஜஹானுக்கு நாகூரில் கல்யாணம் ஆயிற்று. போவதற்கு முந்தின நாள் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டு கடைசியாக இவரிடம் வந்தார்.

"யாரையாவது எழுதச் சொல்லிட்டுப் போறேன் சார்."

"வேண்டாம்மா. அது எழுதறவங்களுக்கா தோணணும்" என்றார் அடைக்கலராஜ்.

அந்தக் கட்டத்தை அதற்குப் பிறகு யாரும் நிரப்பவில்லை. வேண்டுமென்றே விட்டார்கள் என்றும் இல்லை. ஒரு பருவத்தில் சோதனைக் கணக்கு நீண்டபோது அதன்மேல் எழுதிவிட்டார்கள்.

அறுபத்துமூன்றில் நிலையத்தை மூடி, வேலையைக் கோயம்புத்தூரோடு சேர்த்துவிட்டார்கள். தற்காலிக ஆட்களை அழைத்துக்கொள்ளவில்லை. சௌரிராஜன் அதே வருஷம் ஓய்வு பெற்றார். பரக்கத் அலி மன்னார்புரம் பக்கம் ஒரு லாரிக் கம்பெனியில் சேர்ந்தார். அடைக்கலராஜுக்குப் பெரியகடை வீதியில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. உறையூர்ச் சுருட்டு லேபிள், ஊதுபத்தி லேபிள், கல்யாணப் பத்திரிகைக்கு ஓரப் பூவேலை. மிஷின் சத்தத்தில் அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எல்லாரும் சாடையில்தான் பேசினார்கள். அது அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை முடிந்து வெளியே வந்ததும் மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அறுபத்தேழு டிசம்பர் கடைசியில், என்ன தோன்றிற்றோ, ஸ்ரீரங்கம் பஸ் ஏறி சௌரிராஜன் வீட்டைத் தேடிப் போனார். கீழச்சித்திரை வீதியில் குறுகலான வீடு. மனைவி தவறிவிட்டார், பையன் பம்பாயில் இருக்கிறான் என்பதைப் வீதி முனையில் வழி சொன்ன கடைக்காரர்தான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். சௌரிராஜன் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே அழைத்துப்போய், பழைய நினைவில் நேர் எதிரே உட்காரவைத்தார். ஆவலாகப் பேச ஆரம்பித்தார்.

அவருக்குப் பற்கள் முழுக்கப் போயிருந்தன. உதடு உள்ளே மடங்கிக் கிடந்தது. வாய் திறந்து மூடுவது தெரிந்ததே தவிர, ஒரு வார்த்தைகூட உருவாகவில்லை. அடைக்கலராஜ் உற்றுப் பார்த்தார். கண் வலித்தது.

"சார், புரியல. இன்னொரு தரம் சொல்லுங்க."

சௌரிராஜன் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். கையை ஆட்டிச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. ஏதோ முக்கியமான விஷயம் என்பது மட்டும் தெரிந்தது.

"புரியல சார். எழுதித் தரீங்களா?"

சௌரிராஜன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். விரல்கள் நிற்காமல் நடுங்கின. மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தார். பிறகு பரவாயில்லை என்பதுபோலக் கையசைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு தம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். பாதி வழியிலேயே தளும்பியிருந்தது.

இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீதியில் மார்கழிக் கூட்டம் கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெயில் இறங்கினதும் அடைக்கலராஜ் எழுந்து கும்பிட்டார். சௌரிராஜன் வாசல் வரை வந்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கேயே நின்று, இன்னும் எதையோ சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. அடைக்கலராஜ் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.